ஒரே ஒரு துகளின் காந்தத்தை அளப்பது எப்படி? வழிகாட்டிய வத்திராயிருப்பு கிருஷ்ணன்

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையில் கிடக்கும் கறுப்பு மணல் பார்க்க எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். ஆனால் காந்தத்தைக் காட்டினால் கூட்டம் பிரிந்துவிடும். இல்மனைட் துகள்கள் காந்தத்தின் பக்கம் ஓடும். மோனசைட் கொஞ்சம்தான் அசையும். சிர்கானும் ரூட்டைலும் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. அங்குள்ள அரசு ஆலை மணலைத் தரம் பிரிக்க இந்தக் குணத்தையும் பயன்படுத்துகிறது.

பிரிக்க இது போதும். ஆனால், ஒரே ஒரு துகளுக்கு எவ்வளவு காந்தத்தன்மை, அது எந்தத் திசையில் அதிகம் என்று கணக்காகச் சொல்ல முடியுமா? இந்த வகைக் கேள்விக்கு 1930-களிலேயே துல்லியமான வழி சொன்னவர் ஒரு தமிழர். அவர்தான் கே.எஸ்.கிருஷ்ணன்.

யார் இந்த கிருஷ்ணன்?

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4-ம் தேதி, இன்றைய விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்தார். அப்பா விவசாயி, தமிழும் சமஸ்கிருதமும் படித்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு, பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. 1923-ல் கொல்கத்தாவில் சர் சி.வி.ராமனிடம் ஆய்வுக்குச் சேர்ந்தார்.

1928-ல் ராமன் விளைவைக் கண்டறிந்த சோதனைகளில் ராமனுடன் நின்றவர் இவர். அதை உலகுக்குச் சொன்ன முதல் கட்டுரைகளில் இருவர் பெயரும் இருந்தது. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. அதனாலேயே பலருக்கு கிருஷ்ணன் என்றால் ராமனின் மாணவர் என்ற அளவில்தான் தெரியும். ஆனால், அவர் தனியாகத் தொடங்கிய வேலை வேறு.

டாக்காவில் என்ன செய்தார்?

1928 கடைசியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போன கிருஷ்ணன், படிகங்களின் காந்தத்தன்மையைக் கையில் எடுத்தார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். காந்தத்தில் இந்தக் கணக்கு செல்லாது. படிகத்தைப் பொடியாக்கி மொத்தமாக அளந்தால், ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருக்கும். கிடைப்பது வெறும் சராசரி. திசைக்குத் திசை என்ன வித்தியாசம் என்பது அதில் காணாமல் போய்விடும். எனவே, ஒற்றைப் படிகத்தைத்தான் அளக்க வேண்டும்.

அதற்கு அவர் செய்த ஏற்பாடு சிம்பிள். ஒரு சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிடுவார்கள். படிகம் தனக்குத் தோதான திசையில் திரும்பி நிற்கும். இப்போது இழையை மேலிருந்து மெதுவாக முறுக்குவார்கள். முதலில் படிகம் பிடிவாதமாகக் கொஞ்சம்தான் நகரும். முறுக்கு ஒரு எல்லையைத் தாண்டியதும் சட்டென்று புரண்டுவிடும். அந்த எல்லைக் கோணம், படிகத்தின் எடை, இழையின் முறுக்கு வலு, காந்தப்புலத்தின் அளவு ஆகியவை தெரிந்தால் போதும். படிகத்தின் காந்தத்தன்மை இரு திசைகளில் எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிட்டுவிடலாம். பி.சி.குஹா, எஸ்.பானர்ஜி ஆகியோருடன் சேர்ந்து எழுதிய இந்த ஆய்வு 1933-ல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது.

இதனால் என்ன பயன்?

அந்துருண்டை செய்யப் பயன்படும் நாப்தலீனை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறு தோசை மாதிரி தட்டையானது. காந்தப்புலம் அந்தத் தட்டைக்குச் செங்குத்தாக வரும்போது அது அதிகமாக விலக்கும். ஆகவே, படிகத்தைப் பல திசைகளில் அளந்தால், உள்ளே மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லிவிடலாம். கண்ணுக்கே தெரியாத அடுக்கை ஒரு இழையின் முறுக்கு காட்டிக்கொடுத்தது!

குமரிக் கடற்கரையோடு என்ன தொடர்பு?

1933-ல் கொல்கத்தா திரும்பிய கிருஷ்ணன், 1940-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1948-ல் அணுசக்தி ஆணையம் அமைந்தபோது அதில் இருந்தவர்கள் மூன்றே பேர்: ஹோமி பாபா, சாந்தி ஸ்வரூப் பட்நாகர், கிருஷ்ணன். அன்று திருவிதாங்கூரில் இருந்த மணவாளக்குறிச்சி உள்ளிட்ட தென்கரை மணலின் மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. பாபா வகுத்த அணுசக்தித் திட்டத்தில் இந்தத் தோரியத்துக்கு முக்கிய இடம் உண்டு.

1954-ல் பத்ம பூஷண், 1958-ல் முதல் பட்நாகர் விருது பெற்ற கிருஷ்ணன், 1961-ல் காலமானார்.

இன்று எப்படி அளக்கிறார்கள்?

இப்போது கேள்வி நானோ துகள் வரை போய்விட்டது. ஒரு மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். அவ்வளவு சிறிய துகளை இழையில் கட்ட முடியாது. அதற்கு வந்ததுதான் காந்தவிசை நுண்ணோக்கி. 1987-ல் இலங்கையில் பிறந்த குமார் விக்கிரமசிங்கவும் ஒய்.மார்ட்டினும் இதைச் செய்து காட்டினார்கள். காந்தப் பூச்சுள்ள கூர்முனையைத் தாங்கிய மெல்லிய நெம்புகோல், அதிர்ந்துகொண்டே துகளுக்கு மேலே நகரும். துகளின் காந்தம் இழுத்தாலோ தள்ளினாலோ அதிர்வு மாறும். அந்த மாற்றத்தை வைத்து ஒற்றைத் துகளின் காந்தத்தைக் கணிக்கிறார்கள்.

கருவி மாறிவிட்டது. மெல்லிய ஒன்றைத் துகள் எவ்வளவு அசைக்கிறது என்று பார்க்கும் யோசனை மாறவில்லை. கூட்டத்தின் சராசரியை நம்பாமல் ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டுப் பார் என்பதுதான் கிருஷ்ணன் காட்டிய வழி.