சட்டம் தந்தார்கள், சம்பளம் தந்தார்களா?

குழந்தைகளைக் காப்பது அரசின் கடமையா, அல்லது கருணையுள்ளம் படைத்த நாலு பேரின் தயவா? மேடையிலே நின்று இதற்குப் பதில் சொல்வது எளிது. கடமைதான் என்று முழங்கலாம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால், கடமை என்று ஒப்புக்கொண்டவர்கள் கணக்கேட்டைத் திறந்தாக வேண்டும். எத்தனை பேரை வேலைக்கு வைத்தீர்கள், அவர்களுக்கு மாதச் சம்பளம் எங்கேயிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அங்கேதான் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது!

அந்தக் கேள்வியை நாற்பதாண்டுக் காலம் விடாமல் கேட்ட ஒரு பெண்மணியின் வரலாற்றை இன்று நம் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் ஜூலியா லாத்ராப். அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டு நகரில் 1858ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தை வழக்கறிஞர்; தாய் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று வாதாடியவர். 1880இல் வாசர் கல்லூரியிலே பட்டம் பெற்ற ஜூலியா, தந்தையின் அலுவலகத்திலே பத்தாண்டு பணியாற்றினார். வசதியான வாழ்வு, வாட்டமில்லாத வீடு. அதை விட்டு 1890இல் சிகாகோ நகரத்தின் ஏழையர் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஜேன் ஆடம்ஸ் அம்மையார் 1889இல் தொடங்கியிருந்த ஹல் இல்லத்திலே தங்கினார்.

சிகாகோ அன்று எப்படியிருந்தது? ஆலைப் புகை ஒருபுறம், அழுகைக் குரல் மறுபுறம். பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த பாட்டாளிகள் இருட்டறைகளிலே அடைந்து கிடந்தார்கள். பள்ளிக்குப் போக வேண்டிய பிஞ்சுகள் பட்டறைக்குப் போயின.

1893ஆம் ஆண்டு இல்லினாய் மாநில ஆளுநர் ஆல்ட்கெல்டு, லாத்ராப் அம்மையாரை மாநில அறநிலைய வாரியத்தின் உறுப்பினராக்கினார். யார் இந்த ஆல்ட்கெல்டு? மே தினத்தின் மூலமான ஹேமார்க்கெட் வழக்கிலே சிறையில் வாடிய மூவரை, அதே 1893ஆம் ஆண்டு துணிந்து விடுதலை செய்தவர். தொழிலாளத் தோழர்கள் மறக்கக் கூடாத பெயர்!

வாரிய உறுப்பினர் என்றால் நாற்காலியிலே அமர்ந்து நாலு கையெழுத்துப் போடுவதல்ல என்று கருதினார் அம்மையார். இல்லினாயின் 102 மாவட்டங்களுக்கும் போனார். ஏழையர் விடுதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதியவர்களும், நோயாளிகளும், மனநோயாளிகளும் கிடந்த கூரையின் கீழேயே குழந்தைகளும் கிடந்தார்கள். குற்றம் செய்ததாகப் பிடிபட்ட சிறுவர்களோ பெரியவர்களோடு சேர்த்துச் சிறையிலே பூட்டப்பட்டார்கள். ரொட்டி திருடிய சிறுவனுக்குக் கொள்ளைக்காரனே ஆசான்! பிறகு அந்தச் சிறுவன் என்னவாக வெளியே வருவான்?

இந்தக் கொடுமையைக் கண்டு கொதித்தவர்களிலே முன்னணியில் நின்றார் அம்மையார். போராட்டம் பலித்தது. 1899இல் இல்லினாய் சட்டமன்றம் சட்டம் செய்தது. அமெரிக்காவின் முதல் சிறுவர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூலையில் சிகாகோவிலே திறக்கப்பட்டது. சிறுவனைச் சிறைக்கு அனுப்பாமல், வீட்டிலேயே இருக்கச் செய்து, நன்னடத்தை அலுவலர் ஒருவர் கண்காணித்து நல்வழிப்படுத்துவது. அதுதான் திட்டத்தின் உயிர்நாடி.

ஆனால் தோழர்களே, அந்தச் சட்டத்திலே ஒரு விதி இருந்தது. நன்னடத்தை அலுவலரை நியமிக்கலாம். பொதுப் பணத்திலிருந்து அவருக்குச் சம்பளம் மட்டும் தரக் கூடாது! விளக்கை ஏற்றச் சொன்னார்கள், எண்ணெய் கிடையாது என்றார்கள். வண்டியைத் தந்தார்கள், மாட்டை அவிழ்த்துக்கொண்டார்கள்.

அதற்காக அம்மையார் அழுதுகொண்டு உட்காரவில்லை. சிகாகோப் பெண்கள் சேர்ந்து சிறுவர் நீதிமன்றக் குழு அமைத்தார்கள். அதன் முதல் தலைவர் லாத்ராப். நன்கொடை திரட்டி அலுவலர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வழக்கு முடியும்வரை குழந்தைகள் தங்க இல்லம் ஒன்றையும் நடத்தினார்கள். தங்களால் முடிந்ததைச் செய்தபடியே, இது எங்கள் வேலையல்ல, அரசின் வேலை என்று சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். 1905இல் சட்டம் திருத்தப்பட்டது. நன்னடத்தை அலுவலரின் சம்பளம் பொதுப் பணத்தின் பொறுப்பாயிற்று.

இதிலே நாம் கற்க வேண்டிய பாடம் பெரிது. தருமம் செய்பவர் இன்று தருவார், நாளை கைவிரிப்பார். அவருக்கு வியாபாரத்திலே நட்டம் வந்தால், அடிபடும் குழந்தையின் கதவைத் தட்ட ஆளிருக்காது. வரிப்பணத்திலே ஒதுக்கீடு வந்தால்தான் அது உரிமை. அதுவரையில் அது வெறும் உபகாரம்.

அடுத்த களம் தலைநகர் வாஷிங்டன். அந்நாட்டு அரசு 1884இலேயே கால்நடைகளுக்கென்று ஒரு பணியகம் அமைத்துவிட்டது. மாட்டுக்கு நோய் வந்தால் கவனிக்க அதிகாரி உண்டு. குழந்தைக்கு? 28 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது! 1912 ஏப்ரலில்தான் குழந்தைகள் பணியகம் பிறந்தது. குடியரசுத் தலைவர் டாஃப்ட் அதன் தலைமைப் பொறுப்பை லாத்ராப் அம்மையாரிடம் ஒப்படைத்தார். கூட்டாட்சி அரசின் பணியகம் ஒன்றுக்குத் தலைவரான முதல் பெண் அவரே. அப்போது அமெரிக்கப் பெண்கள் எல்லோருக்கும் வாக்குரிமைகூட வந்திருக்கவில்லை.

கொடுத்த பணம் எவ்வளவு? ஆண்டுக்கு 25,640 டாலர். ஆட்கள் 15 பேர். பெயரோ பெரிது, பையோ சிறிது!

அந்தச் சிறு பையைக் கொண்டு என்ன செய்தார்? எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன, எத்தனை சாகின்றன என்ற கணக்கே நாட்டிலே சரியாக இல்லை. பிறப்பைப் பதிவு செய்யுங்கள் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். பென்சில்வேனியாவின் எஃகுத் தொழில் நகரமான ஜான்ஸ்டவுனிலே, 1911இல் பிறந்த குழந்தைகளின் கதியை வீடு வீடாகச் சென்று விசாரிக்கச் செய்தார். ஆயிரத்துக்கு 134 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன்பே இறந்திருந்தன. தகப்பனின் கூலி குறையக் குறைய, குழந்தையின் சாவு கூடிக்கொண்டே போயிற்று. தாயின் அறியாமைதான் காரணம் என்று பழி போட்டவர்களுக்கு அந்தக் கணக்கு வாய்ப்பூட்டுப் போட்டது. குழந்தையைக் கொன்றது விதியல்ல. கூலிக் குறைவும், குடிதண்ணீர்க் கேடும், குடிசை நெருக்கடியும்தான்.

1914இல் கூடுதல் பணம் கேட்டார். பாராளுமன்றத்தின் நிதிக் குழு மறுத்தது. அந்நாட்டுப் பாராளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர். பெயரைப் பார்த்து யாரும் குழம்ப வேண்டாம். அம்மையார் பெண்கள் சங்கங்களுக்கு எழுதினார். ஊர் ஊராகக் கடிதங்கள் பறந்தன. உறுப்பினர்கள் தங்கள் குழுவின் முடிவையே புறந்தள்ளினார்கள். 25,640 டாலர் 1,64,640 டாலராயிற்று! கேட்டதால் கிடைத்தது, கூடிக் கேட்டதால் கிடைத்தது.

வெற்றிதான் எப்போதும் என்றில்லை. குழந்தை உழைப்பைத் தடுக்க 1916இல் வந்த சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு இந்தப் பணியகத்துக்கே வந்தது. 1918இல் உச்சநீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கிலே அதைச் செல்லாதென்று தீர்த்தது. ஒரே ஒரு நீதிபதியின் வாக்கு. ஆலைக் கதவு குழந்தைகளுக்கு மீண்டும் திறந்தது.

அம்மையார் சோரவில்லை. தாய் சேய் நலனுக்கு மத்திய அரசு பணம் தரட்டும், மாநிலங்களும் தம் பங்கைப் போடட்டும் என்று திட்டம் வகுத்தார். 1921 நவம்பரில் அது ஷெப்பர்டு–டவுனர் சட்டமாயிற்று. அதற்குச் சில மாதங்கள் முன்பே பதவியைத் தம் தோழி கிரேஸ் ஆபட்டிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். சட்டத்தை எதிர்த்தவர்கள் கொஞ்சமா? மருத்துவர் சங்கமே எதிர்த்தது. குடும்பத்துக்குள் அரசு நுழைவதா என்றார்கள். இது பொதுவுடைமைச் சதி என்றுகூடக் கூச்சலிட்டார்கள். மூன்று மாநிலங்கள் பணத்தை வாங்கவே மறுத்தன. அவற்றிலே ஒன்று, அம்மையாரின் சொந்த மாநிலமான இல்லினாய்! 1929இல் ஒதுக்கீட்டைப் புதுப்பிக்காமல் விட்டு, திட்டத்தின் மூச்சை நிறுத்தினார்கள்.

1932 ஏப்ரலில் ஜூலியா லாத்ராப் மறைந்தார். இறுதி நாட்களிலும், தம் ஊர்ச் சிறுவன் ஒருவனைத் தூக்கிலிருந்து மீட்பது போல மின்சார நாற்காலியிலிருந்து மீட்கவே வாதாடிக்கொண்டிருந்தார். 17 வயது அவனுக்கு. அம்மையார் மறைந்த மறு ஆண்டு அவனுடைய மரண தண்டனை குறைக்கப்பட்டது.

1935இல், ரூஸ்வெல்ட் காலத்தில் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம், கைவிடப்பட்ட, கவனிப்பாரற்ற குழந்தைகளைக் காக்கும் பணிக்கென்றே ஆண்டுக்கு 15 லட்சம் டாலர் ஒதுக்க வழி செய்தது. தாய் சேய் நலனுக்குத் தனி ஒதுக்கீடும் வந்தது. அம்மையார் விதைத்தார், அறுவடையைக் காண அவர் இல்லை.

இது எங்கோ நடந்த கதைதானே என்று எண்ண வேண்டாம். சிறுவனுக்குத் தனி நீதிமன்றம் என்ற எண்ணம் கடல் கடந்து பரவியது. இந்தியாவிலேயே முதன்முதலாக, 1920இல் சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டம் செய்தது. இன்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இருக்கிறது. மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு வேண்டும் என்று அது சொல்கிறது. சட்டம் இருப்பதைச் சொல்லிப் பெருமைப்படுவோர் இருக்கட்டும். நாம் கேட்க வேண்டிய கேள்வி, லாத்ராப் கேட்ட கேள்வி: ஆள் எங்கே? அவருக்குச் சம்பளம் எங்கே?

கஜானா காலி என்பார்கள். காப்பாற்றப்படாத குழந்தை பின்னாளிலே சிறைக்கும் மருத்துவமனைக்கும் போகும்போது, அந்தச் செலவை யார் கஜானா தாங்குகிறது? அதுவும் நம் வரிப்பணம்தானே! முன்னே கொடுத்தால் காப்புச் செலவு. பின்னே கொடுத்தால் சாவுச் செலவு.

ஆகவே, வரவு செலவுத் திட்டம் வரும் நாளிலே பாலத்துக்கு எவ்வளவு, பாதைக்கு எவ்வளவு என்று பார்க்கும் நம் தோழர்கள், பாலகருக்கு எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். சங்கக் கூட்டத்திலே பேசுங்கள். வாக்குக் கேட்டு வருவோரிடம், அவர் எக்கட்சியாயினும், கேளுங்கள். ஓட்டில்லாத குழந்தைக்காக ஓட்டுள்ள நாம்தான் கேட்க வேண்டும்.