ஜவ்வாது மலையில் வானம் பார்த்த வைணு பாப்பு

போளூரில் மஃக்ரிப் தொழுதுவிட்டு வெளியே வந்தால் மேற்கே ஜவ்வாது மலை கறுத்து நிற்கும். ரமலானுக்கும் பெருநாளுக்கும் நாம் பிறை தேடுவது அந்த மலைக்கு மேலேதான். அதே மலையில், ஆலங்காயம் பக்கத்துக் காவலூரில், நாட்டின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்று இருப்பதை நம்மில் பலர் அறிந்ததில்லை. அதற்குக் காரணமானவர் வைணு பாப்பு.

அவர் முஸ்லிம் அல்ல, கேரளக் குடும்பம். 1927 ஆகஸ்ட் 10-ல் சென்னையில் பிறந்தார். வளர்ந்தது ஹைதராபாத்தில். தந்தை வேலை பார்த்த நிஜாமியா வானாய்வகம்தான் அவருக்கு முதல் பள்ளிக்கூடம். நவாப் ஸஃபர் ஜங் என்ற பிரபு 1901-ல் தம் சொந்தப் பணத்தில் இங்கிலாந்திலிருந்து 15 அங்குலத் தொலைநோக்கியை வரவழைத்துத் தொடங்கிய ஆய்வகம் அது. அவர் காலத்துக்குப் பின் நிஜாம் அரசு அதை ஏற்று நடத்தியது. செல்வந்தர் ஒருவர் வானத்துக்காகச் செய்த செலவு, யாரோ ஒரு ஊழியரின் மகனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஸதகத்துல் ஜாரியாவைப் பற்றிப் பேசும்போது இதையும் நாம் சொல்லலாம்.

இயற்பியலில் முதுகலை முடித்த பாப்பு, ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் ஹார்வர்டுக்குப் போனார். போன சில மாதங்களிலேயே, 1949 ஜூலையில், ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அது பாப்பு–போக்–நியூகிர்க் என்று மூவர் பெயரில் விளங்குகிறது. 1952-ல் முனைவர் பட்டம் பெற்று, கலிபோர்னியாவின் பாலோமர் மலைக்கு ஆய்வாளராகச் சென்றார். அங்கே ஓலின் வில்சனுடன் அவர் கண்டது 1957-ல் வெளியானது. குளிர்ந்த விண்மீன்களின் ஒளியைப் பிரித்தால் கால்சியத்தின் கறுத்த கோட்டுக்கு நடுவே ஒரு சிறு வெளிச்சம் தெரியும். அதன் அகலம் கூடக் கூட, அந்த விண்மீனின் உண்மையான பிரகாசமும் கூடுகிறது. விளக்கு எத்தனை வாட் என்று தெரிந்துவிட்டால், நம் கண்ணுக்கு எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம் அல்லவா? அதே வழிதான். இன்றும் இதற்கு வில்சன்–பாப்பு விளைவு என்றே பெயர்.

அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம். திரும்பி வந்தார். உத்தரப்பிரதேச அரசின் வானாய்வகத்தை வாரணாசியிலிருந்து நைனிடாலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். 1960-ல், 33 வயதில், கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரானார். சூரியனைப் பார்க்கப் பேர்போன இடம் அது. இரவு வானத்துக்குத் தோதாக இல்லை. தெளிந்த இருட்டைத் தேடித் தென்னாட்டு மலைகளைச் சுற்றியவர், சந்தன மரங்கள் நின்ற காவலூரைத் தேர்ந்தெடுத்தார். சுமார் 725 மீட்டர் உயரம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியும் அங்கே தெரியும்.

நம்மை மிகவும் கவர்ந்தது அவர் கருவிகளைத் தேடிய விதம். காவலூரில் 1968-ல் முதலில் நிறுவியது, தம் பட்டறையிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கி. 1972-ல் ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் கருவி வந்தது. அந்த ஆண்டே வியாழனின் துணைக்கோள் கனிமீடுக்குக் காற்று மண்டலம் இருப்பதற்கான தடயம் அதில் பதிவானது. 1977 மார்ச் 10-ல் யுரேனஸைச் சுற்றிய வளையங்களின் தடயமும். அடுத்து 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்வது என்று முடிவெடுத்தார். கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில், அவர் உருவாக்கிய இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தில். இரும்பு வேலை மகாராஷ்டிராவின் வால்சந்த்நகர் தொழிற்சாலையில்.

விண்மீன்களுக்கு அல்தபரான், வாகிஃ என்று பெயர் வைத்த சமுதாயம் நாம். நம் மதரஸாக்களில் ஃபலக்கியாத் பாடம் கிதாபோடு நின்றுவிட்டது. நவாப் ஸஃபர் ஜங்குக்கு இருந்த ஆர்வம் நம் ஊர்ச் செல்வந்தர்களுக்கு இல்லை என்பதுதான் நம் குறை.

1979-ல் சர்வதேச வானியல் சங்கத்தின் தலைவரானார் பாப்பு. 1982 ஆகஸ்ட் 19-ல் மியூனிக்கில், இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் இறந்தார். வயது 55. பெரிய தொலைநோக்கியை அவர் பார்க்கவில்லை. 1986 ஜனவரி 6-ல் பிரதமர் ராஜீவ் காந்தி அதற்கும் காவலூர் ஆய்வகத்துக்கும் அவர் பெயரைச் சூட்டினார்.

2023 செப்டம்பரில் சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முக்கியக் கருவியைச் செய்தது அவருடைய அதே பெங்களூர் நிறுவனம். அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையில் பிறந்த நம் சமுதாயப் பெண்மணி நிகர் ஷாஜி.