சப்பாத்து விற்றுப் பல்கலைக்கழகம் கட்டியவர்

போன மாதம் நம்ம செயற்குழுக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வந்தது. நன்கொடை குறைந்துவிட்டது, எதையாவது நிறுத்தியாகணும். சனிக்கிழமை துணைப்பாட வகுப்பை ஒரு வருஷம் ஒத்திவைக்கலாம், விழாச் செலவில் கை வைக்க முடியாது என்று பேச்சு வந்தது. நானும் தலையாட்டினேன். உண்மையைச் சொல்லிடணும் இல்லையா?

அன்று ராத்திரி லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினேன். நாலாவது நிலையம் டான் கா கீ. பாலிடெக்னிக் படித்த மூன்று வருஷமும் அந்த நிலையத்தைத் தாண்டித்தான் போனேன். அது யாருடைய பெயர் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஏதோ ஒரு பெரிய தவுக்கே என்ற அளவில்தான் தெரியும். அன்றைக்கு என்னமோ தோன்றியது, மறுநாள் நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுத்தேன். படித்த பிறகு அந்தத் தலையாட்டல் கொஞ்சம் உறுத்த ஆரம்பித்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

டான் கா கீ 1874ஆம் ஆண்டு சீனாவின் ஃபூஜியன் மாநிலத்தில், ஜிமெய் என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தார். அப்பாவுக்குச் சிங்கப்பூரில் அரிசி வியாபாரம். 1890இல், 16 வயதில், அந்த அரிசிக் கடையில் வேலை பார்க்க இங்கே கப்பலேறி வந்தார். நம்ம கொள்ளுத்தாத்தாக்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த அதே காலம்.

பத்து வருஷம் கடையில் உழைத்தார். அம்மா இறந்த பின் ஊருக்குப் போய்த் துக்கம் காத்து, 1903இல் திரும்பி வந்தால் கடை நொடிந்து கிடக்கிறது. கடன் மட்டும் 2 லட்சம் வெள்ளிக்கு மேல். இங்கே ஒன்றைக் கவனிக்கணும். அப்பா பட்ட கடனை மகன் அடைக்கணும் என்று அன்றைய சிங்கப்பூர்ச் சட்டத்தில் கட்டாயம் இல்லை. கையை உதறிவிட்டுப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க முடியாது. அவர் போகவில்லை. சம்பாதித்துக் கட்டுகிறேன் என்று பொறுப்பேற்றுக்கொண்டார். கடன்காரர்களோடு பேசி ஒத்துக்கொண்ட தொகையை 1907இல் கட்டி முடித்தார். வியாபாரத்தில் அவர் பெயருக்கு ஒரு மதிப்பு வந்தது அப்போதுதான்.

அந்தப் பணத்தைச் சம்பாதித்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1904இல் கையில் இருந்தது 7,000 வெள்ளி. பழைய இயந்திரங்களை வாங்கிப் போட்டு ஓர் அன்னாசிப் பழ டின் தொழிற்சாலை ஆரம்பித்தார். மற்ற தொழிற்சாலைகள் வழக்கமான துண்டுகளாக வெட்டி டின்னில் அடைத்தன. விதவிதமான வடிவத்தில் கேட்டு வரும் சின்னச் சின்ன ஆர்டர்கள் அவர்களுக்குத் தொந்தரவு. இவர் அதையெல்லாம் தேடிப் போய் வாங்கினார். வேலை அதிகம், ஆனால் விலையும் அதிகம். பிறகு பழத்துக்காகவே 500 ஏக்கர் நிலம் வாங்கி அன்னாசி பயிரிட்டார்.

1906இல் மலாக்காவின் டான் சே யானிடம் 1,800 வெள்ளிக்கு 1,80,000 ரப்பர் விதைகளை வாங்கினார். விதை ஒன்றுக்கு ஒரு காசு! அதை அன்னாசிச் செடிகளுக்கு நடுவே ஊன்றினார். பால்மரம் வளர்ந்து பால் கொடுக்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அன்னாசி சோறு போடும். ஜொகூர் தோட்டத்தில் 30 வருஷம் பால்மரம் சீவிய என் தாத்தாவிடம் இதைச் சொன்னேன். கெட்டிக்காரன்தான்டா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

முதல் உலகப் போரில் கப்பல்கள் கிடைக்காமல் எல்லாரும் தவித்தபோது, இவர் கப்பல்களை வாடகைக்கு எடுத்தும் சொந்தமாக வாங்கியும் ஓட்டினார். டின் தொழிற்சாலையை ரப்பர் ஆலையாக மாற்றினார். போர் முடியும்போது பெரும் பணக்காரர். ஆனால் ஒரு பொறியியல் மாணவனாக என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்கடுத்த கட்டம்தான். மலாயாவில் அன்று எல்லாரும் செய்தது என்ன? பாலை உறைய வைத்து, சீட்டாக உருட்டி, புகைபோட்டு, அப்படியே மூட்டை கட்டி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புவது. அங்கே அதில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி டயராகவும் சப்பாத்தாகவும் மாற்றி, நமக்கே திரும்ப விற்பார்கள். பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகமும் சூடும் சேர்ந்தால்தான் அது உழைக்கும் பொருளாகும். அந்த வேலையை இங்கேயே செய்தால் என்ன என்று கேட்டார் டான் கா கீ. சிங்கப்பூரிலேயே கேன்வாஸ் சப்பாத்து, டயர், விளையாட்டுப் பொம்மை எல்லாம் அவர் தொழிற்சாலையில் தயாராகின. மணிச் சின்னம் போட்ட அவருடைய சப்பாத்துகள் மலாயா, சீனா, ஜாவா என்று எங்கும் விற்றன. 1925 வாக்கில் அவரிடம் 10,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். மலாயாவின் ஹென்றி ஃபோர்டு என்று அவருக்குப் பெயரே வந்துவிட்டது.

அந்தப் பணம் எங்கே போனது? முதலில் 1913இல் சொந்தக் கிராமத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. அது வளர்ந்து ஆசிரியர் பயிற்சி, மீன்பிடி, கப்பலோட்டம், வணிகம், விவசாயம் என்று கிராமமே பள்ளிக்கூடமாகிவிட்டது. 1919இல் சிங்கப்பூரில் சீன உயர்நிலைப் பள்ளி. இன்று ஹுவா சோங் கல்வி நிலையம் என்று புக்கிட் தீமா சாலையில் இருக்கிறதே, அதுதான். ரயில் நிலையத்துக்கு அவர் பெயர் வந்த காரணமும் அதுவே. அதே 1919இல் சியாமெனில் பல்கலைக்கழகம் கட்ட 40 லட்சம் வெள்ளி தருவதாக அறிவித்தார். அன்று அவருடைய மொத்தச் சொத்தே ஏறக்குறைய அவ்வளவுதான் என்கிறார்கள். 1921இல் பல்கலைக்கழகம் திறந்தது.

ஹொக்கியன் சங்கத்தின் தலைமைக்கு வந்தபின், கல்யாணத்திலும் சாவிலும் கோயில் ஊர்வலத்திலும் சமூகம் கொட்டுகிற காசைக் குறைத்துப் பள்ளிகளுக்குத் திருப்பணும் என்று மல்லுக்கு நின்றார். பெரியவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். நம்ம கோயில்களில் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்க, என்ன நடக்கும் என்று தெரியும். திருவிழா வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தீமிதிக்கு வருஷா வருஷம் தொண்டு செய்கிறவன் நான். ஆனால் கணக்குப் புத்தகத்தில் எது முதல் வரி, எது கடைசி வரி என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

1922இல் பிரிட்டிஷ் அரசு ரப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 1925இல் விலை பவுண்டுக்கு ஒரு வெள்ளியைத் தாண்டி எகிறியது. டான் கா கீ கடன் வாங்கி, கிளைகளைத் திறந்து, ஆலைகளைப் பெருக்கினார். பிறகு விலை சரிந்தது. 1928இல் கட்டுப்பாடு நீங்கியது, 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை விழுந்தது. 1932இல் ரப்பர் பவுண்டு பத்துக் காசுக்கும் கீழே. மலிவான ஜப்பான் சப்பாத்துகள் வேறு சந்தையில் குவிந்தன.

இந்தச் சரிவு நம்ம கதையும்தான். கூலியை வெட்டினார்கள், லயங்கள் காலியாகின. 1930 முதல் 1932 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தாத்தாவின் பெரியப்பா ஒருவர் அப்படிப் போனவர். அதற்குப் பிறகு அவரைப் பற்றி வீட்டில் ஒரு தகவலும் இல்லை.

1931இல் வங்கிகள் டான் கா கீயின் கழுத்தைப் பிடித்தன. அவருடைய நிறுவனத்தை வரையறுக்கப்பட்ட கம்பெனியாக மாற்றி, நிர்வாகத்தில் வங்கிக்காரர்கள் உட்கார்ந்தார்கள். பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பும் பணத்தை நிறுத்து என்பது அவர்கள் நெருக்கடி. சியாமென் பல்கலைக்கழகத்தைக் கைவிட்டால் கைகொடுக்கிறோம் என்று வெளிநாட்டு நிறுவனம் ஒன்றும் முன்வந்தது. மறுத்தார். பிள்ளைகளுக்காக வைத்திருந்த பெரிய வீடுகளை விற்றுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். 1934இல் கம்பெனியை இழுத்து மூடினார்கள். பல்கலைக்கழகம் மூடவில்லை. மருமகன் லீ கோங் சியான் போன்றவர்கள் உதவ, 1937இல் சீன அரசிடம் ஒப்படைக்கும் வரை, 16 வருஷம் அவர் அதைத் தாங்கினார்.

இதை வெறும் தியாகக் கதையாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கம்பெனி மூடியபோது வேலை இழந்த தொழிலாளிகளின் பிள்ளைகளும் பள்ளிக்குப் போகணுமே? அவர் வேகமாக விரித்ததும் தப்பு, கடனை நம்பியதும் தப்பு. பள்ளிச் செலவு மட்டும் கம்பெனியைக் கவிழ்க்கவில்லை, ஆனால் அதுவும் ஒரு பாரம்தான். இருந்தும் 1903இல் அவர் செய்ததை நினைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. அப்பாவின் கடனைப் போலவே பள்ளிக்குச் சொன்ன சொல்லையும் அவர் கடனாகத்தான் எழுதிவைத்திருந்தார். நன்கொடை என்றால் கஷ்டகாலத்தில் நிறுத்தலாம். கடனை நிறுத்த முடியாது. இந்தப் பக்கத்தைப் படித்தபோதுதான் நான் தலையாட்டிய கூட்டம் ஞாபகத்துக்கு வந்தது.

கம்பெனி போன பிறகுதான் அவருடைய அரசியல் முழு வேகம் எடுத்தது. அதற்கு முன்பே சுன் யாட் சென்னின் இயக்கத்தில் சேர்ந்தவர், நிவாரண நிதி திரட்டியவர். 1937இல் ஜப்பான் சீனாவைத் தாக்கியதும், தென்கிழக்காசியச் சீனர்கள் அனைவருக்குமான நிவாரணக் கூட்டமைப்பு 1938இல் சிங்கப்பூரில் உருவானது. அதற்கு அவரே தலைவர். காசு மட்டும் போதாது, லாரி ஓட்டவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டும் என்று 1939இல் அழைப்பு விடுத்தார். மலாயாவிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் ஏறக்குறைய 3,200 ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் பர்மா சாலைக்குப் போனார்கள். பலர் நம்ம வயசுக்காரர்கள். மலைப்பாதை, மலேரியா, குண்டுவீச்சு. நிறையப் பேர் திரும்பவில்லை.

1940இல் சீனாவுக்கு நேரில் போனார். சுங்கிங்கில் சியாங் கை ஷெக் அரசின் ஆடம்பரமும் ஊழலும் அவருக்கு வெறுத்துப்போனது. யெனானில் மா சேதுங்கின் எளிமை மனசில் பதிந்தது. அன்றிலிருந்து அவர் சாய்வு மாறியது. இந்த இடத்தில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. சில நாள் விருந்தாளியாகப் போய்ப் பார்த்ததை வைத்து ஓர் ஆட்சியையே எடை போட முடியுமா? ஆனால் அவருக்கு ஊழல்தான் பெரிய பாவம், கணக்கு சரியாக இருக்கணும்.

1942 பிப்ரவரியில் ஜப்பானியர் நெருங்கியபோது சிங்கப்பூரை விட்டுக் கிளம்பினார். சுமத்ரா வழியாக ஜாவாவுக்குப் போய், பொய்ப்பெயரில் மலாங் பக்கம் மறைந்து வாழ்ந்தார். அங்கே உட்கார்ந்துதான் தன் வாழ்க்கை நினைவுகளை எழுதினார். அவர் இருக்குமிடம் தெரிந்தவர்கள் ஒருவர்கூடக் காட்டிக் கொடுக்கவில்லை. 1945இல் திரும்பி வந்தார். 1950இல் சீனாவுக்கே நிரந்தரமாகப் போய்விட்டார். அங்கே மக்கள் அரசியல் ஆலோசனை மாநாட்டின் துணைத் தலைவர், தாயகம் திரும்பிய சீனர் கூட்டமைப்பின் தலைவர் என்று பதவிகள். 60 வருஷம் வாழ்ந்து உழைத்த சிங்கப்பூரை அவர் மறுபடி பார்க்கவில்லை.

அவர் இங்கே விட்டுப் போனது மனிதர்களை. அவரிடம் வேலை கற்ற டான் லார்க் சை 1950களில் நான்யாங் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். ஜூரோங்கில் அதற்கு நிலம் கொடுத்தது ஹொக்கியன் சங்கம். இன்று நான் இயந்திரப் பொறியியல் படிப்பது அந்த மண்ணில்தான். எங்கள் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளிக்குப் பெயர் லீ கோங் சியான். தினமும் அந்தப் பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு, யார் இவர்கள் என்று கேட்காமல் இருந்திருக்கிறேன்.

சீனாவில் அவர் கேட்டது பெரும்பாலும் பொறியியல் வேலைகள். ஜிமெய்யைச் சியாமென் தீவோடு இணைக்க, நம்ம ஜொகூர் கரைப்பாலம் மாதிரி, கடலுக்குள் கல்லைக் கொட்டி ஒரு பாதை 1955இல் முடிந்தது. உள்நாட்டிலிருந்து சியாமெனுக்கு ரயில் வேண்டும் என்று மா சேதுங்கிடமே திரும்பத் திரும்பக் கேட்டார். மலைகளைக் குடைந்து அந்தப் பாதையும் 1950களிலேயே போட்டு முடித்தார்கள்.

1961 ஆகஸ்ட் 12, பெய்ஜிங்கில் இறந்தார். மீதமிருந்த பணம் பிள்ளைகளுக்குப் போகவில்லை, பள்ளிகளுக்குப் போனது. உடலைத் தனி ரயிலில் ஏற்றினார்கள். அவர் கேட்டு வாங்கிய அந்த ரயில் பாதையில், சுரங்கங்களைத் தாண்டி, ஜிமெய்க்குக் கொண்டுவந்து கடலோரத்தில் அடக்கம் செய்தார்கள்.