தன் தொடையிலேயே சோதனை செய்த டாக்டர்
செயற்கை இடுப்பு மூட்டு தந்த ஜான் சார்ன்லி

இங்கிலாந்தில் ஒரு நோயாளி. இடுப்பு மூட்டு கெட்டுப்போனதால், அவருக்குப் பிளாஸ்டிக் பந்து ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அவர் அசையும்போதெல்லாம் இடுப்பிலிருந்து 'கிறீச், கிறீச்' என்று சத்தம் வந்தது. அதைக் கேட்கச் சகிக்காமல் அவருடைய மனைவி விலகிப் போய்விடுவார்!

எண்ணெய் போடாத வண்டிச் சக்கரம்போல மூட்டு ஏன் கத்துகிறது? இந்தக் கேள்வி ஒரு டாக்டரின் மனதைக் குடைந்தது.

அவர்தான் ஜான் சார்ன்லி.

மருந்துக்கடைக்காரர் மகன்

சார்ன்லி 1911-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி, லங்காஷயரில் உள்ள பெரி என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் மருந்துக்கடை வைத்திருந்தார். தாயார் நர்ஸ். மான்செஸ்டரில் படித்து, 1935-ல் சார்ன்லி டாக்டரானார். இரண்டாம் உலகப்போரில் ராணுவ டாக்டராகப் பணிபுரிந்தார்.

அவருக்குக் கத்தியைப் போலவே பட்டறைக் கருவிகளும் பிரியம். வீட்டிலேயே கடைசல் இயந்திரம் வைத்திருந்தார்.

எலும்பை எடுத்து ஒட்டினால் அது எப்படி வளர்கிறது? இதைத் தெரிந்துகொள்ள, 1946-ல் தன் காலெலும்பிலேயே ஆபரேஷன் செய்யச் சொன்னார். அந்த இடம் சீழ்பிடித்து, மறுபடியும் ஆபரேஷன் செய்ய நேர்ந்தது. அப்போதும் அவருடைய ஆராய்ச்சி ஆசை குறையவில்லை.

எலும்பில் நிலைக்க வழி

தொடை எலும்பின் மேல்முனை பந்துபோல் இருக்கும். இடுப்பு எலும்பில் கிண்ணம்போல் ஒரு குழி இருக்கும். பந்து குழிக்குள் சுழல்வதால்தான் நாம் நடக்கிறோம், உட்காருகிறோம். இரண்டும் தேய்ந்துவிட்டால் ஒவ்வோர் அடியும் நரகவேதனை.

பந்தை உலோகத்தில் செய்யலாம். கிண்ணத்தைப் பிளாஸ்டிக்கில் செய்யலாம். ஆனால் அவற்றை எலும்பில் நிலைநிறுத்துவது எப்படி? வைத்த பொருள் ஆடிக்கொண்டே இருந்தால், எலும்பு அதன் அருகே வளராது. நடுவில் மெல்லிய சதைதான் வளரும். நாளடைவில் மூட்டு கழன்றுவிடும்.

பொய்ப்பல் கட்டுகிறவர்கள் உபயோகித்த ஒருவகை பிளாஸ்டிக் அவருக்குக் கைகொடுத்தது. தூளையும் திரவத்தையும் பிசைந்தால் மாவுபோல் ஆகும். சில நிமிஷங்களில் கல்போல் இறுகும். இது பசை அல்ல. செங்கல் இடுக்குகளில் கலவை புகுந்து பிடிப்பதுபோல, எலும்பின் சிறு துவாரங்களில் புகுந்து பிடித்துக்கொள்ளும். உடலின் பாரமும் எலும்பு முழுவதும் பரவும்.

முந்நூறு பேரின் கதி

கிண்ணத்துக்கு டெஃப்ளானைத் தேர்ந்தெடுத்தார் சார்ன்லி. தோசைக்கல்லில் மாவு ஒட்டாதிருக்கப் பூசுகிறார்களே, அதே பொருள்தான். வழவழப்பானது. 1958 முதல் சுமார் 300 பேருக்கு வைத்தார். ஊன்றுகோலோடு வந்தவர்கள் வலியில்லாமல் நடந்தார்கள்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் கிண்ணங்கள் தேய்ந்தன. தேய்ந்து உதிர்ந்த தூளை உடல் பகையாக எண்ணியது. அதை அழிக்க முயன்றபோது, சுற்றியிருந்த நல்ல எலும்பும் கரைந்தது!

சார்ன்லி இரவில் தூக்கமின்றித் தவித்தார். ஆனால் தவறை மறைக்கவில்லை. நோயாளிகளை மீண்டும் வரவழைத்து, கெட்ட கிண்ணங்களைத் தாமே அகற்றினார்.

மூன்று வாரச் சோதனை

1962-ம் ஆண்டு மே மாதம், ஒரு வியாபாரி புதிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அது ஒருவகை பாலித்தீன். பார்த்ததும் சார்ன்லி அதை உதவாது என்று ஒதுக்கிவிட்டார்.

ஆனால் அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஹாரி கிரேவன் அதை வீணாக்க விரும்பவில்லை. தேய்ப்பு இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். டெஃப்ளான் ஒரு நாளில் தேய்ந்த அளவுகூட, அது மூன்று வாரத்தில் தேயவில்லை!

சார்ன்லி தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இரண்டு பிளாஸ்டிக்குகளின் தூளையும் தன் தொடையில் செலுத்திக்கொண்டார். டெஃப்ளான் தூள் போன இடம் கட்டியாக வீங்கியது. பாலித்தீன் தூள் போன இடத்தில் ஒரு கெடுதலும் இல்லை. 1962 நவம்பரில் முதல் பாலித்தீன் கிண்ணத்தை நோயாளிக்குப் பொருத்தினார். அது வெற்றி பெற்றது.

சீழ்பிடிப்பதைத் தடுக்க, சுத்தமான காற்று மட்டும் வீசும் கூடாரத்துக்குள் ஆபரேஷன் செய்தார். நூற்றுக்கு ஏழு பேர் அளவில் இருந்த சீழ்த்தொல்லை, நூற்றுக்கு ஒருவருக்கும் கீழே இறங்கியது.

இறந்தபின்னும் உதவி

அவர் பணியாற்றிய ரைட்டிங்டன் ஆஸ்பத்திரி முன்பு காசநோயாளிகளுக்கானது. அது இடுப்பு மூட்டு வைத்தியத்துக்கு உலகப் புகழ் பெற்றது. அங்கே நேரில் வந்து கற்றுக்கொள்ளாத டாக்டர்களுக்குத் தம் மூட்டைக் கொடுக்க, ஆரம்ப ஆண்டுகளில் அவர் சம்மதிக்கவில்லை. பழைய தவறு மறுபடி நேரக்கூடாது என்ற பயமே காரணம்.

இறந்தபிறகு செயற்கை மூட்டைச் சோதனைக்குத் தரும்படி நோயாளிகளிடம் கேட்டுக்கொண்டார். பலர் மனமுவந்து சம்மதித்தார்கள். எலும்பும் பிளாஸ்டிக்கும் பல ஆண்டுகள் எப்படி ஒன்றாக இருந்தன என்பது அதனால் தெரியவந்தது.

1977-ல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. 1982-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி காலமானார்.

அவருக்குப் பிறகு கலை மேலும் வளர்ந்துள்ளது. சொரசொரப்பான டைட்டானியத்தின்மேல், எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் போன்ற பூச்சைப் பூசுகிறார்கள். எலும்பு உயிரணுக்கள் அதைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன; கலவை இல்லாமலே மூட்டு நிலைக்கிறது. ஆனாலும் கலவையிட்டுப் பொருத்தும் சார்ன்லியின் முறையும் இன்று வழக்கில் இருக்கிறது. உலகெங்கும் லட்சக்கணக்கானவர்கள் அதனால் மறுபடி எழுந்து நடக்கிறார்கள்.