பதினான்கு மாத வாடகை பாக்கி: தோன் ரமோனின் கதை

மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை, ஸ்பானிஷ் பேசும் எந்த ஊரில் கேட்டாலும் ஒரு வாடகைக்காரரின் பெயரைச் சொல்வார்கள். பிரேசிலில் போர்த்துகீசிய மொழி, அங்கே அதே ஆளுக்கு வேறு பெயர். ஒல்லியான உடம்பு, நாலு முடி மீசை, தலையில் ஒரு நீலத் தொப்பி, வெளுத்த ஜீன்ஸ். வீட்டு வாடகையில் 14 மாத பாக்கி. வீட்டுக்காரர் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். அவர்தான் தோன் ரமோன். 'தோன்' என்பது நாம் 'ஐயா' என்று சொல்வது மாதிரி ஒரு மரியாதைச் சொல். நடித்தவரின் சொந்தப் பெயரும் ரமோன்தான்: ரமோன் வால்தேஸ். குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நகைச்சுவையில் அவர் அளவுக்கு நேசிக்கப்பட்டவர்கள் குறைவு. நம்மில் பலர் அவரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்கிற நாம் அவரைத் தெரிந்துகொள்வது நல்லது என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

ரமோன் 1923 செப்டம்பர் 2 அன்று மெக்சிகோ நகரில் பிறந்தார். பெரிய குடும்பம். பிறகு அமெரிக்க எல்லையை ஒட்டிய சியுதாத் ஹுவாரஸ் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்த வீட்டில் நகைச்சுவை ஒரு குலத்தொழில் மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் ஹெர்மன் வால்தேஸ் 'தின் தான்' என்ற பெயரில் மெக்சிகோ சினிமாவின் உச்ச நட்சத்திரங்களில் ஒருவரானார். 'ஜங்கிள் புக்' கார்ட்டூன் படத்தின் ஸ்பானிஷ் பதிப்பில் பலூ கரடிக்குக் குரல் கொடுத்தவரும் அவர்தான். தம்பி மனுவேல், 'பைத்தியக்கார வால்தேஸ்' என்ற செல்லப் பெயரோடு தொலைக்காட்சியில் கொடிகட்டிப் பறந்தார்.

இப்படி அண்ணனும் தம்பியும் பேர் வாங்கிய வீட்டில் நடுவில் பிறந்தவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். 1949-ல் அண்ணனின் படம் ஒன்றில் சிறு வேடத்தில் தொடங்கினார் ரமோன். பிறகு அண்ணனின் படங்களில் கும்பலில் ஒருவர், அடியாள், வேலைக்காரர் என்று தொடர்ந்து வந்தார். சுமார் இருபது ஆண்டுகள் இப்படியே போயின. ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் அவர் முகம் இருக்கிறது. ஆனால் போஸ்டரில் பெரிய எழுத்தில் அவர் பெயர் இல்லை. அவருக்கு மூன்று திருமணங்கள், பத்துப் பிள்ளைகள். துணை நடிகரின் வருமானத்தில் அத்தனை பேருக்கும் சோறு போட வேண்டும். வாடகை கொடுக்க முடியாதவராக அவர் பின்னால் நடித்தபோது அது அவ்வளவு இயல்பாக இருந்ததில் ஆச்சரியமில்லை.

அவருடைய வாழ்க்கையை மாற்றியவர் ரொபெர்த்தோ கோமெஸ் பொலான்யோஸ் என்ற எழுத்தாளர். குள்ளமான உருவம். நிறைய எழுதுவார் என்பதால் ஒரு சினிமா இயக்குநர் அவருக்குச் 'செஸ்பிரித்தோ', அதாவது 'குட்டி ஷேக்ஸ்பியர்' என்று பெயர் வைத்தார். 1968-ல் மெக்சிகோவின் எட்டாவது சேனலில் அவர் ஒரு சிறு நிகழ்ச்சி தொடங்கியபோது ரமோனையும் சேர்த்துக்கொண்டார். அதிலிருந்து கிளைத்ததுதான் 'எல் சாவோ'. சாவோ என்றால் பொடியன். எட்டாவது சேனல் என்பதால் தொடரின் தலைப்பிலும் ஒரு எட்டு ஒட்டிக்கொண்டது. முதலில் சிறு துணுக்காக வந்தது. 1973-ல் தனித் தொடரானது. அப்போது ரமோனுக்கு 49 வயது. நம் ஊரில் பலர் விருப்ப ஓய்வைப் பற்றி யோசிக்கிற வயதில் அவருக்கு வாழ்க்கையின் முதல் பெரிய வாய்ப்பு வந்தது.

கதை நடக்கும் இடம் ஒரு 'வெசிந்தாத்'. நடுவில் முற்றம், சுற்றிலும் சின்னச் சின்ன வீடுகள், எல்லோருக்கும் பொதுவான குழாய், துணி துவைக்கும் தொட்டி. நம் வயதுக்காரர்களுக்கு ஒரே வார்த்தையில் சொன்னால், ஒண்டுக்குடித்தனம். 14-ஆம் எண் வீட்டில் தோன்யா ஃப்ளோரிந்தா என்ற விதவைத் தாயும், கன்னம் உப்பிய மகன் கீக்கோவும். தங்களுக்கு மற்றவர்களைவிட அந்தஸ்து அதிகம் என்று அந்த அம்மாவுக்கு நினைப்பு. 71-ஆம் எண்ணில் தோன்யா க்ளோதில்தே என்ற வயதான, திருமணமாகாத பெண். குழந்தைகள் அவரைச் சூனியக்காரி என்பார்கள். 72-ஆம் எண்ணில் தோன் ரமோனும், தாயில்லாத மகள் சிலிந்த்ரீனாவும். முற்றத்தில் ஒரு மரப் பீப்பாய். அதற்குள் போய் ஒளிந்துகொள்கிற எட்டு வயது அநாதைச் சிறுவன்தான் பொடியன். எப்போதும் பசி. ஹாம் வைத்த ரொட்டி ஒன்று கிடைத்தால் போதும், அதுவே அவனுக்குச் சொர்க்கம். அந்தச் சிறுவனாக நடித்தவர் நாற்பது வயதைத் தாண்டிய செஸ்பிரித்தோவேதான்!

வீட்டுக்காரர் செஞ்ஞோர் பர்ரிகா. தமிழில் 'தொந்தி ஐயா' என்று சொல்லலாம். அந்த வேடத்தில் நடித்த எத்கார் விவார் மருத்துவம் படித்தவர். வாடகை வாங்க அவர் முற்றத்துக்குள் நுழையும்போதெல்லாம் பொடியன் தெரியாமல் அவரை அடித்துவிடுவான். வாங்கிய அடியோடு 72-ஆம் எண் கதவைத் தட்டுவார். தோன் ரமோன் இல்லை என்று மகள் சொல்வாள். சில சமயம் உள்ளேயிருந்து தோன் ரமோனே சொல்லி மாட்டிக்கொள்வார். இப்படி வருடக்கணக்கில் நடக்கிறது. ஆனாலும் பாக்கி 14 மாதத்திலேயே நிற்கிறது. கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. 90 நாள் தவணை வராவிட்டாலே வாராக்கடன் என்று எழுதிவிடுகிற வங்கியில் காலம் தள்ளியவன் நான். எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

தோன் ரமோன் சோம்பேறி என்று பெயர் எடுத்தவர். ஆனால் தொடரைத் தொடர்ந்து பார்த்தால் அவர் செய்யாத வேலையே இல்லை. முடிதிருத்துவார், செருப்புத் தைப்பார், மரவேலை செய்வார், பழைய சாமான் வாங்கி விற்பார், பால் ஊற்றுவார், பலூன் விற்பார். ஒரு வேலையும் நிலைக்காது. ஒன்று குழந்தைகள் கெடுத்துவிடுவார்கள், இல்லையென்றால் அவருக்கே அது சரிப்பட்டு வராது. ஒரு காலத்தில் தான் குத்துச்சண்டை வீரனாக்கும் என்று பெருமை வேறு. அந்த வீரருக்குத்தான் ஒவ்வொரு வாரமும் தோன்யா ஃப்ளோரிந்தாவிடம் கன்னத்தில் அறை விழும். கீக்கோ அழுதால் போதும், விசாரணை கிடையாது, தீர்ப்பு மட்டும்தான். அறை வாங்கியதும் தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்து மிதிப்பார். அந்தக் காட்சிக்காகவே குழந்தைகள் காத்திருப்பார்கள்.

இதே குழு 'சிவப்பு வெட்டுக்கிளி' என்ற பயந்தாங்கொள்ளி வீரனைப் பற்றி இன்னொரு தொடரும் எடுத்தது. அதில் ரமோன் போட்ட வேடங்களில் ஒன்று சூப்பர் சாம். சூப்பர்மேன் உடை, தலையில் அமெரிக்கக் கொடி நிறத் தொப்பி, கையில் ஆயுதத்துக்குப் பதில் பண மூட்டை. பக்கத்து வல்லரசைக் குழந்தைகள் நிகழ்ச்சியிலேயே இப்படிக் கிண்டல் செய்திருக்கிறார்கள்.

இவர் மீது மக்களுக்கு ஏன் இத்தனை பிரியம்? அவர் உத்தமர் இல்லை. பொடியன் தலையில் குட்டுவார், கத்துவார், பொய் சொல்வார். இன்றைக்குப் பார்த்தால் குழந்தையை அடிப்பதும், தொந்தியைக் கேலி செய்வதும் நமக்கு உறுத்தும். பேரக்குழந்தைகளோடு பார்ப்பவர்கள் அதைச் சொல்லித்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்த முற்றத்தில் நான்கைந்து குழந்தைகள் இருந்தும், அங்கேயே குடியிருக்கிற ஒரே தகப்பன் அவர்தான். கீக்கோவின் தந்தை கடலில் இறந்துவிட்டார். பொடியனுக்கு யாருமே இல்லை. கையில் காசில்லாத இந்த மனிதர்தான் மற்ற பிள்ளைகளுக்கும் கொஞ்சம் தகப்பனாக இருந்துவிட்டுப் போகிறார். குட்டிய கையே சில நிமிடம் கழித்து ஏதாவது சாப்பிடக் கொடுக்கும். வேலை கிடைப்பதும் போவதுமாக இருந்த அந்நாட்டு மக்கள் தங்கள் வீட்டு அப்பாவையோ மாமாவையோ அவரிடம் கண்டார்கள்.

வெற்றி பெரிதாக வந்தது. 1977-ல் இந்தக் குழு சிலி நாட்டுக்குப் போனபோது, தலைநகர் சாந்தியாகோவின் தேசிய விளையாட்டு அரங்கமே நிரம்பியது. அதே ஆண்டில் முற்றத்து ஆட்கள் எல்லோரும் கடற்கரை நகரமான அகாபுல்கோவுக்குச் சுற்றுலா போகும் அத்தியாயங்கள் வந்தன. குழு முழுவதும் சேர்ந்து நிற்கும் அந்தக் காட்சிகளை ரசிகர்கள் இன்றும் கண் கலங்கப் பார்க்கிறார்கள். காரணம், அதற்குப் பிறகு அந்தக் கூட்டம் கலையத் தொடங்கியது.

1978-ல் கீக்கோவாக நடித்த கார்லோஸ் வில்யக்ரான் விலகினார். 1979-ல் ரமோனும் விலகினார். அவர் இடத்தை நிரப்ப ஒரு தபால்காரர் பாத்திரம் வந்தது. தோன்யா ஃப்ளோரிந்தாவுக்கு ஒரு உணவகம் வைத்துக் கொடுத்து கதைக்களத்தையும் கொஞ்சம் மாற்றினார்கள். ஆனாலும் 72-ஆம் எண் வீடு வெறிச்சென்றுதான் இருந்தது. 1981-ல் ரமோன் திரும்பி வந்து சில காலம் நடித்துவிட்டு மறுபடி போய்விட்டார். 1982-ல் வெனிசுவேலாவில் வில்யக்ரானோடு ஒரு தொடர், 1987-ல் மெக்சிகோவில் அவரோடு இன்னொரு தொடர். இடையிடையே சர்க்கஸ் கூடாரங்களில் தோன் ரமோனாக மேடை ஏறி ஊர் ஊராகச் சுற்றினார். 60 வயதைத் தாண்டியும் ஓய்வு இல்லை.

அவர் ஓயாமல் புகைபிடிப்பவர். வயிற்றில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வேலையை விடவில்லை. கடைசித் தொடரில் அவரைப் பார்ப்பவர்களுக்கு, ஏற்கெனவே ஒல்லியான அந்த உடம்பு இன்னும் வற்றியிருப்பது தெரியும். 1988 ஆகஸ்ட் 9 அன்று மெக்சிகோ நகரில் காலமானார். அடுத்த மாதம் 65 வயது நிறைந்திருக்கும்.

இந்த இடத்தில் 71-ஆம் எண் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தோன்யா க்ளோதில்தேயாக நடித்த ஆஞ்செலினெஸ் ஃபெர்னாந்தெஸ், ஸ்பெயினில் பிறந்தவர். ஃபிராங்கோவின் சர்வாதிகார ஆட்சியில் வாழ முடியாமல் 1947-ல் நாட்டை விட்டு வந்தவர். இளமையில் பேரழகி, சினிமா நடிகை. தொடரில் அவர் பக்கத்து வீட்டுத் தோன் ரமோனை மனதில் வைத்துக்கொண்டு கேக் செய்து எடுத்துவருவார். இவர் கேக்கை வாங்கிக்கொண்டு ஆளைத் தவிர்ப்பார். நிஜத்தில் இருவரும் நெருங்கிய நண்பர்கள். 1994-ல் ஆஞ்செலினெஸ் மறைந்தபோது, ரமோன் அடக்கமான அதே மயானத்தில், அவருக்கு அருகிலேயே அடக்கம் செய்தார்கள். 71-ஆம் எண்ணும் 72-ஆம் எண்ணும் அங்கேயும் அக்கம்பக்கம்தான்.

ரமோன் உயிரோடிருந்தபோது பிரேசிலில் இந்தத் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கி சில வருடங்களே ஆகியிருந்தன. 1984-ல் அங்கே 'சாவேஸ்' என்ற பெயரில் வந்தது. அங்கே தோன் ரமோனுக்கு 'செவ் மத்ருகா' என்று பெயர். அவர் முகம் அச்சிட்ட டி-சட்டையை இன்றும் பிரேசில் இளைஞர்கள் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அவர் இறந்த பிறகு பிறந்தவர்கள். சகோதரர்கள் இருவரும் மெக்சிகோவில் பெரிய நட்சத்திரங்கள்தான். ஆனால் நாடு கடந்து அதிகம் பேருக்குத் தெரிந்த முகம், இருபது வருடம் ஓரத்தில் நின்ற இந்த நடுவிலவருடையதுதான்.

நம் பொருளாளர் கவலைப்பட வேண்டாம். மெயின்டனன்ஸ் பாக்கி வைப்பதற்கு இந்தக் கட்டுரையை யாரும் முன்னுதாரணமாகக் காட்ட முடியாது. தண்ணீர் லாரிக்கும் லிஃப்ட்டுக்கும் காவலாளி சம்பளத்துக்கும் மாதாமாதம் பணம் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். செஞ்ஞோர் பர்ரிகா இத்தனை வருடம் கேட்டார், கத்தினார், மிரட்டினார். ஆனாலும் தோன் ரமோனை ஒரேயடியாக வெளியேற்றிவிடவில்லை. பாக்கிப் பட்டியலில் வெறும் கதவு எண்ணாக இருப்பவருக்குப் பின்னால் ஒரு மகள் இருக்கலாம், போன வேலை இருக்கலாம், சொல்லிக்கொள்ள முடியாத நோய் இருக்கலாம். நோட்டீஸ் பலகையில் பெயரை எழுதுவதற்கு முன் ஒருமுறை போய்க் கதவைத் தட்டி என்ன விஷயம் என்று கேட்டால் குறைந்துபோக மாட்டோம். அவர் வீட்டில் இல்லை என்று உள்ளேயிருந்து அவரே குரல் கொடுத்தாலும், கொஞ்சம் சிரித்துவிட்டு அடுத்த வாரம் மறுபடி தட்டலாம்.