தோலுக்குள் காவல்காரர்கள்

முள் குத்தி கிருமி நுழைஞ்சா, அதைப் பிடித்து உடம்புக்குக் காட்டிக்கொடுக்கும் செல்கள் நம் மேல்தோலில் இருக்கு. முதலில் அவற்றைப் பார்த்தவர் பால் லாங்கர்ஹான்ஸ். 1847-ல் ஜெர்மனியின் பெர்லினில் பிறந்தார். மருத்துவ மாணவராக இருந்தபோதே மனிதத் தோலில் தங்க குளோரைடு ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கிளை கிளையாக கருப்பு செல்கள் தெரிஞ்சுது. அப்படியே 1868-ல் எழுதி வெளியிட்டார். ஆனால் நரம்பு செல்கள் என்று தப்பாக நினைச்சுட்டார்.

காசநோய் வந்ததால் மதீரா தீவுக்குப் போனார். அங்கேயும் வைத்தியம் பார்த்தார். 1888-ல் 40 வயதிலேயே இறந்துவிட்டார். அவை காவல் செல்கள் என்று தெரிய நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு! இப்போ ஆய்வகத்தில் தோலை நொதியில் ஊறவைத்து, மேல்தோலை உரித்து, அந்த செல்களைத் தனியாகப் பிரிக்கிறாங்க. அவற்றுக்குப் பேரே லாங்கர்ஹான்ஸ் செல்கள்தான்.

நானும் இனிமேல் வெங்காயத்தோல் படத்தைப் புத்தகம் பார்த்து வரையமாட்டேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததைத்தான் வரைவேன்.