படைத்தலைமை கேட்ட வழக்கறிஞர்

தில்லியில் விதான் சபா மெட்ரோ நிலையத்திற்கு அருகில் வெண்ணிறக் கட்டடம் ஒன்று உள்ளது. இன்று தில்லிச் சட்டமன்றம் கூடும் அவ்விடத்தில் ஒரு காலத்தில் இந்தியாவின் மத்தியச் சட்டசபை கூடியது. 1921 மார்ச்சுத் திங்களில் அச்சபையில் எழுந்து, இந்தியப் படையின் உயர்பதவிகளை இந்தியருக்கும் வழங்க வேண்டும் என்று வாதிட்டவர் ஒரு தமிழர். அவர் பி. எஸ். சிவசாமி ஐயர்.

அவர் 1864ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்துப் பழமார்நேரியில் பிறந்தார். சென்னையில் வழக்கறிஞராகப் புகழ்பெற்றார். சட்டக் கல்லூரியில் கற்பித்தார். 1907இல் சென்னை மாகாண அரசின் தலைமை வழக்கறிஞரானார். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கும் காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்கும் துணைவேந்தராக விளங்கினார். படைச்சீருடை அணிந்தவர் அல்லர். ஆயினும் படை பற்றிய அறிக்கைகளை ஆழ்ந்து கற்றார்.

அக்காலப் படையின் நிலையை நீங்கள் அறிதல் வேண்டும். உங்களுள் படைவீரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது வியப்பளிக்கலாம். முதல் உலகப்போரில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து சென்றனர். ஆனால், பல்லாண்டு பணியாற்றித் தலைநரைத்த சுபேதாரும், புதிதாய் வந்த ஆங்கில இளம் அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவரே. போரின் முடிவில்தான் இங்கிலாந்தின் சாண்டர்ஸ்டு படைக்கல்லூரியில் ஆண்டுக்குப் பத்து இடங்கள் இந்தியருக்குக் கிடைத்தன.

போருக்குப் பின் எஷர் பிரபுவின் குழு, இந்தியப் படையைப் பேரரசின் பொதுப்படையில் ஒரு பகுதியாகவே கருதியது. அதனை மறுத்துச் சிவசாமி ஐயர் 15 தீர்மானங்களைக் கொண்டுவந்தார். இந்தியப் படை இந்தியாவைக் காப்பதற்கே உரியது. ஆண்டுதோறும் வழங்கும் உயர்பதவிகளில் தொடக்கத்திலேயே நூற்றுக்கு 25 இந்தியருக்கு வேண்டும். சாண்டர்ஸ்டு போன்றதொரு கல்லூரி இந்நாட்டிலேயே அமைய வேண்டும். இவை அவற்றுள் தலையாயவை.

காங்கிரசார் அச்சபைத் தேர்தலைப் புறக்கணித்திருந்தனர். சிறை சென்றோரை நாம் போற்றுகிறோம், அது முறையே. எனினும், அரசின் அவைக்குள்ளேயே நின்று அரசைக் கேள்வி கேட்டவரை மறப்பது முறையன்று என்பது என் கருத்து.

தீர்மானங்கள் சபையில் நிறைவேறின. அரசோ காலம் தாழ்த்தியது. 1923இல் எட்டுப் படைப்பிரிவுகளில் மட்டும் இந்திய அதிகாரிகளை அமர்த்த முடிவுசெய்தது. பத்தாண்டுகள் கடந்து, 1931இல் படைக்கல்லூரிக் குழுவில் சிவசாமி ஐயரும் உறுப்பினரானார். அகவை அறுபத்தேழு. குழுவின் பரிந்துரை போதாதெனக் கண்டு, அங்கும் தம் மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்தார். மறு ஆண்டு டேராடூனில் இந்தியப் படைக்கழகம் தொடங்கியது. முதல் அணியில் சேர்ந்த 40 இளைஞருள் ஒருவர், பின்னாளில் பீல்டு மார்ஷலான சாம் மானெக்சா.

சிவசாமி ஐயர் தம் செல்வத்தைப் பள்ளிகளுக்கு ஈந்தார். திருக்காட்டுப்பள்ளியிலும் மயிலாப்பூரிலும் அவை இன்றும் நடக்கின்றன. 1946 நவம்பரில் அவர் மறைந்தார். 1949 ஜனவரி 15 அன்று ஜெனரல் கரியப்பா இந்தியப் படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார்.